நீலக் கப்பி

எங்கள் தோட்டப் பள்ளியின் அறிவியல் அலமாரியில் காந்தம், வெப்பமானி, நெம்புகோல் பாடத்துக்கு வைத்திருக்கும் மரச்சட்டம் இவற்றோடு நீல நிறக் கப்பி ஒன்றும் இருக்கிறது. அலுமினியத்தில் கடைந்தது, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, பார்வைக்கு அழகானது. சென்ற மாதம் சிறு வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சார், இது என்ன சார்? விளையாட்டுச் சாமானா?” என்று கேட்டாள்.

“கார் சாமான்மா” என்று மட்டும் சொல்லி வாங்கி வைத்துவிட்டேன். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பிள்ளையிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். கார் மோகம் பிடித்த பிள்ளைகள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படும், என் மனப் பாரமும் கொஞ்சம் குறையும்.

இது 2018-ஆம் ஆண்டு நடந்தது. எங்கள் தோட்டம் காப்பார் பக்கம். பால்மரமெல்லாம் போய்ச் செம்பனையாகிப் பல காலமாகிறது. டிரெசரும் மருந்தகமும் இருந்த இடத்தில் இன்று உரமூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. இரவில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் கிள்ளானுக்குத்தான் ஓட வேண்டும். ஓடுவதற்கு லயத்தில் எப்போதும் தயாராய் இருந்தது ஒரே ஒரு கார்தான். என் முன்னாள் மாணவன் ஒருவனுடைய பழைய 1.5 லிட்டர் புரோட்டோன் அது. அவன் பெயர் வேண்டாம். தம்பி என்றே எழுதுகிறேன்.

அவன் தகப்பனார் செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய கார் அது. அவர் போன பிறகு காரை விற்றுவிடச் சொல்லிப் பலர் புத்தி சொன்னார்கள். அக்கா, அதாவது தம்பியின் தாயார், சம்மதிக்கவில்லை. “அவரு கட்டின காரு. நாலு பேருக்கு உதவட்டும்” என்றார். அப்படியே உதவியது. லயத்தில் அந்தக் காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் இல்லை.

தம்பி கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது ஒரு பெட்டியோடு வந்தான். திறந்தால் இந்த நீலக் கப்பி.

“350 வெள்ளி சார். இத மாட்டினா எஞ்சினுக்குப் பத்து குதிரைத் திறன் கூடுமாம். கடையில சொன்னாங்க. நெசமா சார்?”

அன்று அவனைச் சாப்பிடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பழைய மாணவன் சந்தேகம் கேட்டு வந்தால் எந்த வாத்தியாருக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். தாளையும் பென்சிலையும் எடுத்தேன்.

எஞ்சினின் முக்கியத் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். அதன் முனையில் ஒரு கப்பி இருக்கும். அதிலிருந்து பெல்ட்டுகள் போய் வேறு சில கப்பிகளைச் சுழற்றும். ஒன்று மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டர். ஒன்று எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர்ப் பம்பு. ஒன்று பவர் ஸ்டீரிங்குக்கு எண்ணெய் தள்ளும் பம்பு. இன்னொன்று ஏர்கோன். இந்த நான்கும் எஞ்சினின் சக்தியில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும். மிச்சம்தான் சக்கரத்துக்குப் போகும். கிராங்க் கப்பியைச் சிறியதாக்கினால் இந்த நான்கும் மெதுவாகச் சுழலும். மெதுவாகச் சுழன்றால் குறைவாக எடுக்கும். சக்கரத்துக்குக் கூடுதலாகப் போகும். தத்துவம் இவ்வளவுதான்.

இது எனக்குப் புதிய விஷயமில்லை. சிறு வயதில் தோட்டத்து ரப்பர் ஆலையில் ஷீட் உருட்டும் மெஷினைப் பார்த்து வளர்ந்தவன் நான். எஞ்சினில் சின்னக் கப்பி போட்டால் உருளை மெதுவாய்ச் சுற்றும், பெரிய கப்பி போட்டால் வேகமாய்ச் சுற்றும் என்பதை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே அங்கே பார்த்திருக்கிறேன்.

தம்பி கொண்டுவந்த கப்பியின் குறுக்களவு 120 மில்லிமீட்டர். காரில் இருந்தது 150. நூற்றுக்கு 20 குறைவு. தண்ணீர்ப் பம்பில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் வேகம் இரண்டு மடங்கானால் அது கேட்கும் சக்தி எட்டு மடங்காகும். வேகத்தை மூன்று தடவை பெருக்கிப் பார்க்க வேண்டும். அப்படியானால் வேகம் 0.8 ஆகக் குறைந்தால், 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சக்தியில் ஏறக்குறையப் பாதி மிச்சம்! எழுதி முடித்ததும் எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது பம்பு இரண்டு குதிரைத் திறன் எடுத்தால் அதில் ஒன்று மிச்சம். மற்றவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தால் மூன்று வரும்.

“பத்தெல்லாம் இல்லப்பா. மூணு வரும்” என்றேன்.

“மூணு வந்தா போதும் சார்” என்று சிரித்தபடி போனான். அடுத்த வாரமே மாட்டிவிட்டான். கப்பி சிறுத்ததால் பெல்ட்டுகளையும் நீளம் குறைந்தவையாக மாற்ற வேண்டியிருந்தது. அதற்குத் தனியாகச் செலவு.

முதல் நாள் என்னை ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் ஒரு சுற்று வந்தான். கார் துள்ளுவது போலத்தான் இருந்தது. பழைய இரும்புக் கப்பியைவிட அலுமினியக் கப்பி எடை குறைவு. அதனால் மிதித்தவுடன் எஞ்சின் சட்டென்று உறுமும். புதுச் சாமான் போட்ட மகிழ்ச்சியும் கூடச் சேர்ந்துகொண்டது. “எல்லாம் சாரோட கணக்குதான்” என்று அவன் கோப்பிக் கடையில் சொல்ல, நானும் மறுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் மாதம். விடாத மழை. ஓர் இரவு எட்டு மணி இருக்கும். நான்கு வீடு தள்ளியிருந்த ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். கணவன் இரவு வேலைக்குப் போயிருந்தான். தம்பி காரை எடுத்தான். பின்னால் அந்தப் பெண், அவள் மாமியார், அக்கா. ஆஸ்பத்திரியில் பேசி எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமென்று முன் இருக்கையில் நான்.

வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அன்று கிள்ளானை நெருங்கும் முன்பே சாலையில் தண்ணீர் ஏறி, கார்கள் வரிசையாய் நின்றுவிட்டன. ஓர் அடி நகரும், நிற்கும். மறுபடி ஓர் அடி நகரும். மழையில் கண்ணாடி மூடியிருந்ததால் உள்ளே மூச்சு படிந்து சாலை தெரியவில்லை. ஏர்கோனைப் போட்டோம். விளக்கு எரிகிறது. வைப்பர் ஓடுகிறது. ரேடியேட்டர் காற்றாடியும் ஓடுகிறது. எஞ்சின் மட்டும் சும்மா நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அரை மணி நேரம் போனதும் விளக்கு மஞ்சளாவதைக் கவனித்தேன். எதிர்க் கண்ணாடியில் மழை அதிகமானதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். பிறகு வைப்பர் இழுத்து இழுத்து ஓடியது. வெப்பமுள் மேலே ஏறத் தொடங்கியது. பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. பின்னாலிருந்து அந்தப் பெண் பல்லைக் கடித்து அழும் சத்தம். அக்கா அவள் முதுகைத் தடவியபடி, “கொஞ்சம் பொறுத்துக்கம்மா, வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் வந்துவிடவில்லை. வரிசையில் நின்று ஒரு மணி பத்து நிமிடம் ஆனபோது எஞ்சின் இருமி, நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம்.

தம்பி இறங்கித் தண்ணீரில் நின்று காரைத் தள்ளினான். நானும் தள்ளினேன். முன்னால் இடமில்லாத வரிசையில் தள்ளி என்ன பயன்? பக்கத்து வரிசையில் காய்கறி வேன் ஓட்டிவந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் எட்டிப் பார்த்தார். நான் சொல்லி முடிக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார். கூடைகளை ஒதுக்கி அந்தப் பெண்ணைப் படுக்கவைத்தோம். அந்தப் பாக்சிக் ஹாரனை அழுத்தியபடியே சாலையோரத்தில் ஏறிப் போய்ச் சேர்த்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பதினைந்து நிமிடம் முன்பின் ஆகியிருந்தால் என்பதை நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணினால் தூக்கம் போய்விடும்.

மறுநாள் காரை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். வயதான சீனப் ஃபோமேன். எஞ்சின் மூடியைத் தூக்கியதும் நீலக் கப்பியைப் பார்த்து, “ரேஸுக்குப் போறீங்களா?” என்று மலாயில் கேட்டார். புது பேட்டரி ஒன்றைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டார். விளக்கு, ஏர்கோன், வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொல்லி மீட்டரை வைத்துக் காட்டினார். பேட்டரிக்கு ஒழுங்காக மின்சாரம் ஏறினால் முள் 14 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். அது 12.1-இல் நின்றது. பேட்டரிக்கு ஏறவில்லை, பேட்டரியிலிருந்துதான் இறங்கிக்கொண்டிருந்தது.

அங்கேயே மேசைமேல் தாளை வைத்து நான் மறுபடி கணக்குப் போட்டேன். ஆல்டர்னேட்டர் கப்பி 60 மில்லிமீட்டர். பழைய கப்பியில் எஞ்சின் ஒரு சுற்றுக்கு அது இரண்டரைச் சுற்று. புதியதில் இரண்டே சுற்று. நெடுஞ்சாலையில் எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது 7500-க்குப் பதில் 6000. அது பரவாயில்லை, அந்த வேகத்தில் மின்சாரம் தாராளமாக வரும். ஆனால் நின்ற இடத்தில் எஞ்சின் 750 சுற்றில் முணுமுணுக்கும்போது? 1875 சுற்று வந்தது 1500 ஆகிவிட்டது. அந்த அளவில்தான் ஆல்டர்னேட்டர் தட்டுத் தடுமாறி மின்சாரம் எடுக்கத் தொடங்கும். அங்கே குறையும் ஒவ்வொரு நூறு சுற்றும் வலிக்கும். மீட்டரில் பார்த்தபோது காருக்குத் தேவை 50 ஆம்பியர், வந்தது 30. மீதி 20 ஆம்பியரைப் பேட்டரிதான் கொடுத்தது. 40 ஆம்பியர்-மணி பேட்டரி, புதிதாய் இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். தம்பியுடையது இரண்டாண்டு ஓடிக் களைத்தது, பாதிதான் தாங்கும். ஒரு மணி நேரம். ஒரு மணி பத்து நிமிடத்தில் நின்றது. என் கணக்கு இம்முறையும் சரியாகவே வந்தது. ஒரு நாள் தாமதமாக வந்தது.

மூன்று குதிரைத் திறன் என்றேனே, அதையும் அப்போதுதான் சரிபார்த்தேன். அது 6000 சுற்றுக்குப் போட்ட கணக்கு. தோட்டத்துச் சாலையிலும் கிள்ளான் சாலையிலும் யார் 6000 சுற்றில் ஓட்டுகிறார்கள்? சாதாரணமாக 2000 சுற்று. வேகம் மூன்றில் ஒரு பங்கானால் பம்பு கேட்கும் சக்தி இருபத்தேழில் ஒரு பங்காகிவிடும். இரண்டு குதிரைத் திறன் எடுத்த பம்பு 2000 சுற்றில் ஏறக்குறைய 55 வாட்தான் எடுக்கும். ஒரு ஹெட்லைட் பல்பு எடுப்பதும் அதே 55 வாட்தான். அதில் பாதி மிச்சம் என்றால் 27 வாட். அரை பல்பு வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க 350 வெள்ளி கொடுத்து, மழை இரவில் முழு விளக்கையும் இழந்தோம்.

ஃபோமேன் அதோடு விடவில்லை. தம்பி கழற்றி வைத்திருந்த பழைய கப்பியைக் கொண்டுவரச் சொன்னார். அதன் நடுக்கட்டைக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. “இது எதுக்குத் தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியவில்லை.

சிலிண்டரில் ஒவ்வொரு முறை பெட்ரோல் வெடிக்கும்போதும் கிராங்க் தண்டு மயிரிழை அளவு முறுக்கேறித் திரும்புமாம். கண்ணுக்குத் தெரியாது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அப்படி நடக்கும். அந்த அதிர்வைத் தாங்கித் தணிக்கத்தான் ரப்பர் வளையம். நீலக் கப்பியில் அது இல்லை, முழு அலுமினியம். நாள்பட ஓட்டினால் அதிர்வெல்லாம் தண்டுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேரும் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தபடி, “சிக்கு, ரப்பர் தோட்டத்தில் பிறந்துவிட்டு ரப்பர் எதற்கென்று தெரியவில்லையே!” என்றார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணமில்லை. இருந்தாலும் சுருக்கென்றது.

அவர் நீலக் கப்பியைப் பழித்தும் பேசவில்லை. பந்தயத் திடலில் எஞ்சின் எப்போதும் உச்ச வேகத்தில்தான் ஓடும், ஏர்கோன் கிடையாது, வரிசையில் நிற்கும் வேலை கிடையாது. அங்கே ஒரு குதிரைத் திறனும் பெரிது. அதற்கு வேண்டியவர்கள் அதிர்வைத் தணிக்கும் ரப்பரோடு செய்த சிறு கப்பியாகப் பார்த்து வாங்குவார்கள். சில கார்களில் தண்ணீர்ப் பம்பை டைமிங் பெல்ட் சுழற்றும். கிராங்க் கப்பியை மாற்றினாலும் அதன் வேகம் மாறாது. இன்றைய புதுக் கார்கள் பலவற்றில் பவர் ஸ்டீரிங்கும் மின்சாரத்தில் ஓடுகிறது. அவற்றில் மிச்சம் பிடிக்க இன்னும் குறைவுதான்.

“கார் இழுக்கலேன்னுதானே மாட்டின?” என்று தம்பியைக் கேட்டுவிட்டு ஃபோமேன் காற்று வடிகட்டியை எடுத்துத் தட்டினார். செம்மண் கொட்டியது. தீப்பொறி பிளக்குகள் தேய்ந்திருந்தன. டயரில் காற்று குறைவு. பின் சக்கரத்து பிரேக் லேசாய்ப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. காரின் பலத்தைத் தின்றுகொண்டிருந்தவை இவைதாம். எல்லாவற்றையும் சரிசெய்து பழைய கப்பியை மாட்டிக் கொடுக்க, பேட்டரி நீங்கலாக 120 வெள்ளி ஆனது. திரும்பும்போது தம்பி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா ஓட்டின மாதிரி இருக்கு சார்” என்றான்.

மாட்டுவதற்கு முன் அந்தப் பழைய கப்பியை அக்கா கையில் வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் ரப்பர் வளையத்தை அழுத்தினார். “இருபது வருஷம் மரம் சீவினேன் வாத்தியாரே. அந்தப் பாலு எங்க போவுதுன்னு இன்னிக்குத்தான் பாக்கிறேன்” என்றார். இந்த வளையங்களைச் செயற்கை ரப்பரிலும் செய்கிறார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனேன். பிள்ளையைப் பார்க்க வந்ததாகத்தான் நினைத்தார்கள். நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன், அதனால்தான் கார் நின்றது என்று சொன்னேன். மாமியார் கிழவிக்குக் கப்பியும் பெல்ட்டும் விளங்கவில்லை. “நீங்களும் தண்ணியில எறங்கித் தள்ளுனீங்களே சார்” என்று சொல்லிக் கோப்பி கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பி அந்தக் கப்பியை விற்க மனமில்லாமல் என்னிடம் கொடுத்தான். “நம்ம பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துங்க சார்” என்றான். ஒவ்வோர் ஆண்டும் கப்பிப் பாடம் வரும்போது அதை எடுக்கிறேன். 150-ம் 120-ம் 60-ம் கரும்பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் 6000 சுற்றுக்கு விடை கண்டுபிடித்ததும் கைதட்டுவார்கள். “இப்போ 750-க்குப் போடுங்க” என்பேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை காருக்கு ஏதோ மாட்டப் போகிறேன் என்று வந்தால் எடுத்தவுடன் ஏசாதீர்கள். அந்த ஆர்வம் நல்ல ஆர்வம். அதிலிருந்துதான் நல்ல மெக்கானிக்கும் எஞ்சினியரும் வருகிறார்கள். வேகமாய் ஓடும்போது எவ்வளவு கிடைக்கும் என்பதை அவனே சொல்லிவிடுவான். மழையில், இரவில், ஆள் நிறைந்து, நின்ற இடத்தில் நிற்கும்போது என்ன ஆகும் என்று நீங்கள் கேளுங்கள். நம் வீட்டுக் கார் பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் வேண்டியிருக்கிறது. வாத்தியார் கணக்குப் போட்டுக் கொடுத்தார் என்று சொன்னாலும் கேளுங்கள்.

சென்ற மாதம் நீலக் கப்பியை எடுத்து, விளையாட்டுச் சாமானா என்று கேட்ட அந்தப் பிள்ளையைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அன்றிரவு ஆஸ்பத்திரி வாசல் தாண்டிப் பதினைந்து நிமிடத்தில் பிறந்தவள் அவள்தான். கணக்கில் கெட்டிக்காரி. அவள் மேல் வகுப்புக்கு வந்து கப்பிப் பாடம் படிக்கும்போது, முழுக் கதையையும் நானே சொல்லிவிடுவேன்.